கரந்தை: குளத்துப் படுகையில் மறைந்திருக்கும் போர்ப்பூ

தமிழிலக்கணம் கற்றவர் எவரும் கரந்தை என்னும் பெயரை அறியாதிருக்க இயலாது. பகைவர் கவர்ந்து சென்ற ஆநிரையை மீட்கப் புறப்படும் மறவர் சூடிய பூ அது. பூவின் பெயரே அப்போரொழுக்கத்திற்கும் பெயராயிற்று. தொல்காப்பியம் கரந்தையை வெட்சித் திணையின் ஒரு கூறாக வைத்தது. பின்வந்த ஐயனாரிதனாரின் புறப்பொருள் வெண்பாமாலை அதனைத் தனித் திணையாக்கி, வெட்சிப் படலத்தை அடுத்துக் கரந்தைப் படலம் வகுத்தது. வெட்சி நிரை கவர்தல், கரந்தை நிரை மீட்டல் என நம் பிள்ளைகள் பள்ளிப் பருவத்திலேயே மனனம் செய்துவிடுகின்றனர். அப்பூ எது, எங்கே பூக்கிறது என வினவினால் கற்றோரிடத்தும் மௌனமே விடையாகக் கிடைக்கின்றது.

விடை கூற முன்வருவோரும் இருவேறு செடிகளைச் சுட்டுகின்றனர். சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேரகராதியே கரந்தை என்பதற்குக் கொட்டைக்கரந்தை என்றும் திருநீற்றுப்பச்சை என்றும் இரு பொருளும் தருகின்றது. முன்னது சூரியகாந்தி, செவ்வந்தி ஆகியவற்றின் குடும்பத்தைச் சார்ந்தது. பின்னது துளசிக்கு உறவு. ஒன்றுக்கொன்று தொடர்பே இல்லாத இவ்விரு செடிகளும் ஒரு பெயருக்கு உரிமை கொண்டாடுவது எவ்வாறு? இவ்வினாவுக்கு விடை தேடப் புகுந்தால் அது அகராதியோடு முடிவதில்லை. வயல்வெளிக்கும், சித்த மருத்துவச் சுவடிக்கும், அரபு மருந்தியல் நூல்களுக்கும் நம்மை அழைத்துச் செல்கின்றது. (தஞ்சையின் ஒரு பகுதியான கரந்தைக்கும் இச்செடிக்கும் தொடர்பில்லை, கருந்திட்டைக்குடி என்னும் பெயரின் மரூஉ அது என்பர்.)

முதலில் வயல்வெளியைக் காண்போம். தென்காசி மாவட்டம், 2019ஆம் ஆண்டுவரை திருநெல்வேலி மாவட்டத்துள் அடங்கியிருந்தது. அதன் வடகிழக்குப் பகுதியில் சங்கரன்கோவிலும், ஊராட்சி ஒன்றியத் தலைமையிடமாகிய மேலநீலிதநல்லூரும் அமைந்துள்ளன. கரிசலும் செம்மண்ணும் கலந்து கிடக்கும் இந்நிலம் மேற்குத் தொடர்ச்சி மலையின் மழைமறைவில் உள்ளது. ஆனி, ஆடி மாதங்களில் தென்மேற்குப் பருவம் காற்றை மட்டும் இங்கே அனுப்பிவிட்டு மழையை மலைக்கு அப்பால் பெய்துவிடும். ஐப்பசியிலும் கார்த்திகையிலும் பெய்யும் வடகிழக்குப் பருவமழையே இவ்வட்டாரத்தின் குளங்களை நிரப்புகின்றது. தை பிறந்தபின் குளத்து நீர் மெல்லக் கீழிறங்கும். நீர் விலகிய படுகையின் எஞ்சிய ஈரத்திலும், நெல் அறுத்த வயலின் தாள்களுக்கு இடையிலும் எவரும் விதைக்காத பூண்டுகள் பல முளைக்கின்றன. இத்தகைய நிலங்களில் தமிழகச் சமவெளி எங்கும் காணப்படுவதே கொட்டைக்கரந்தை. வேளாண் நூல்கள் இதனை நெல்வயற் களைகளின் பட்டியலில் சேர்த்துள்ளன.

முழங்கால் உயரத்திற்கு மேல் இது வளர்வதில்லை. பல கிளைகளாகப் படர்ந்து, அடி சற்றே தடித்துக் குறுஞ்செடி போலத் தோன்றும். இலைக்குக் காம்பு கிடையாது. இலையின் அடிப்பகுதி தண்டோடு ஒட்டிக் கீழ்நோக்கி நீண்டு, தண்டின் பக்கங்களில் பல் பல்லான சிறகு போல ஓடும். செடி முழுவதும் நுண்ணிய மயிர் போர்த்திருக்கும். கையால் கசக்கினால் ஒருவகைக் காரமான மணம் எழும். கிளை நுனிகளில் செம்மை கலந்த ஊதா நிறத்தில், சுண்டைக்காய் அளவினவாய் உருண்டைப் பூக்கள் நிற்கும்.

பூக்கள் என்றோம். தாவரவியலார் இதனை ஒப்புக்கொள்ளமாட்டார். சூரியகாந்திக் குடும்பத்தில் இருபத்தைந்தாயிரத்திற்கும் மேற்பட்ட இனங்கள் உள்ளன. அவை அனைத்திலும் நாம் ஒரு பூவென்று காண்பது மிகச் சிறிய பூக்கள் பல நெருங்கி அமைந்த ஒரு கொத்தே ஆகும். கரந்தை இதனினும் ஒருபடி மேலே சென்றுவிட்டது. அதன் உருண்டையைப் பிளந்து உருப்பெருக்கியால் நோக்கினால், அது பல கொத்துகள் சேர்ந்த பெருங்கொத்து என்பது புலனாகும். ஒவ்வொரு சிறு கொத்திலும் வெளிப்புறத்தே பெண்பூக்களும், உள்ளே இருபாற்பூக்களும் அமைந்திருக்கும். அக்குடும்பத்துச் செடிகள் பலவற்றின் விதைகளுக்குக் காற்றில் பறக்க உதவும் மயிர்க்குடை உண்டு. கரந்தையின் விதைக்கு அது இல்லை. எனவே காற்றேறித் தொலைதூரம் பரவும் வாய்ப்பும் அதற்கு இல்லை.

இவ்வுருண்டை வடிவமே மொழிதோறும் அதற்குப் பெயர் ஈந்தது. தமிழில் கொட்டை. மலையாளத்தில் அடக்காமணியன், அதாவது பாக்கு மணி போன்றது. பதினேழாம் நூற்றாண்டின் இறுதியில் ஆம்ஸ்டர்டாமில் அச்சான ஹோர்த்துஸ் மலபாரிகுஸ் என்னும் பெருநூல் இப்பெயராலேயே இதனைப் பதிந்தது. வடமொழியில் முண்டீ, மழித்த தலை போன்றது. 1753இல் லின்னேயஸ் இதற்குச் சூட்டிய ஸ்பெராந்தஸ் இண்டிகஸ் என்னும் பெயருக்கும் இந்தியாவின் உருண்டைப்பூ என்பதே பொருள்.

இனி நம் பழம்பாடல்களிடம் வருவோம். குறிஞ்சிப்பாட்டில் கபிலர் அடுக்கிய பூக்களின் நிரலில் கரந்தை உண்டு. ஆயினும் பெயர்ப் பட்டியல் நமக்கு அதிகம் உதவாது. உதவுபவை வேறு இரண்டு சான்றுகள். ஐங்குறுநூற்றின் மருதப் பகுதியில் ஓரம்போகியார் பாடிய களவன் பத்தில், துணையைப் பிரிந்த நண்டொன்று வள்ளைக் கொடியின் தண்டை அறுக்கும் காட்சி வருகின்றது. அந்நண்டு வாழும் வயலைப் புலவர் கரந்தை நிறைந்த வயல் என்கின்றார். அகநானூற்றிலும் கரந்தை வயல் வருகின்றது. நண்டும் வள்ளையும் வாழும் நிலம் நீர் தேங்கும் நன்செய். அங்கே தானே முளைத்து நிற்பது கொட்டைக்கரந்தை. திருநீற்றுப்பச்சையோ வீட்டுக் கொல்லையிலும் தோட்டத்திலும் வளர்த்துப் பேணப்படுவது.

இரண்டாம் சான்று புறநானூற்றின் 261ஆம் பாடல். ஆநிரை மீட்டு வந்து, தானே நடுகல்லாகிவிட்ட தலைவனை எண்ணி ஆவூர் மூலங்கிழார் பாடியது. அதில் கரந்தைப் பூவுக்கு அவர் கூறும் உவமை வியப்பானது: கன்று ஈனாத இளம் பசுவின் மடிக்காம்பு. திருநீற்றுப்பச்சையின் பூவோ கதிராக நீண்டு, அடுக்கடுக்காக வெண்மையாய்ப் பூப்பது. அதற்கு இவ்வுவமை எவ்வாற்றானும் பொருந்தாது. இளஞ்சிவப்பில் சிறிதாகத் திரண்டு நிற்கும் கொட்டைக்கரந்தையின் முனையை ஒருமுறை கண்டவர்க்கு இவ்வுவமையை விளக்க வேண்டியதில்லை. நிரையை மீட்டவன் தலையிற் சூடிய பூவில் நிரையின் மடியையே கண்ட அப்புலவரின் பார்வையை என்னென்பது!

நாம் இங்கு ஊகம் ஒன்றையும் முன்வைக்க விரும்புகின்றோம். வெட்சியைக் குறிஞ்சியின் புறம் என்றது தொல்காப்பியம். வெட்சி, காட்டுப் புதரிற் செந்நிறமாய்ப் பூப்பது. நிரை கவர வருவோர் மலையிலும் காட்டிலும் இருந்து அப்பூவைச் சூடி இறங்கினர் என்றால், மீட்கச் செல்லும் ஊரவர் கைக்கெட்டிய பூ எதுவாக இருந்திருக்கும்? ஊரின் மாடுகள் மேயும் குளத்துப் படுகையிலும் அறுத்த வயலிலும் நிற்கும் கரந்தையே ஆகலாம். இவ்விரு பூக்களின் எதிர்ப்பு இலக்கணப் புலவர் வகுத்த குறியீடு மட்டுமன்று, மேட்டு நிலத்திற்கும் தாழ்ந்த நிலத்திற்கும் இடையே இருந்த எதிர்ப்பின் தடயமும் ஆகும் என்று கருத இடமுண்டு. தேனி மாவட்டம் புலிமான்கோம்பையில் 2006இல் கண்டெடுக்கப்பட்ட தமிழ்பிராமி நடுகற்களுள் ஒன்று ஆகோளைக் குறிப்பிடுகின்றது. நிரைப்போர் வெறும் கவிமரபன்று என்பதற்கு அக்கல்லே சான்று.

போரில் சூடிய பூ, அப்போர் மறைந்தபின் மருந்தாக வாழ்ந்தது. சித்த மருத்துவத்தில் கரந்தை என்னும் பெயர் பல செடிகளைக் குறிக்கும். சிவகரந்தை இதே இனக்குழுவைச் சார்ந்த வேறொரு செடி. விஷ்ணுகரந்தை என்பதோ நீல நிறத்தில் சிறிதாய்ப் பூத்துத் தரையோடு படரும் வேறு குடும்பத்துப் பூண்டு. கொட்டைக்கரந்தையைப் பொறுத்தவரை சித்தர் மரபு வழங்கும் விதி ஒன்று கவனத்திற்குரியது: பூக்கும் முன்னரே செடியைப் பறித்து, நிழலில் உலர்த்தித் தூளாக்க வேண்டும். உடலைத் தேற்றும் மருந்தாகவும், தோல் நோய்க்கும் குருதி தூய்மைக்கும் உரியதாகவும் அது கொள்ளப்பட்டது.

யூனானி ஹகீம்கள் இதற்கு நேர்மாறானவர்கள். அவர்கள் நாடுவது பூவை. குல் முண்டி, அதாவது முண்டிப்பூ என்பதே அவர்தம் மருந்துப் பெட்டியில் இதன் பெயர். குருதியைத் தூய்மை செய்யும் சரக்குகளுள் ஒன்றாக அதனை எண்ணுவர். அதிலிருந்து வடித்தெடுக்கும் தீநீர் அரக் முண்டி. இலேகியமாகக் கிண்டுவது இத்ரீஃபல் முண்டி. இப்பெயரைச் சற்றே நின்று நோக்குதல் வேண்டும். இத்ரீஃபல் என்பது அரபுச் சொற்போல ஒலித்தாலும், கடுக்காய், நெல்லிக்காய், தான்றிக்காய் மூன்றும் கூடிய திரிபலா என்பதன் அரபு வடிவமே அது. முண்டியும் இந்தியப் பெயர். எனவே அரபு ஆடை அணிந்த இம்மருந்தின் பெயரில் உள்ள இரு சொற்களும் இம்மண்ணுக்கு உரியவை.

இஃது ஒரு நாளில் நிகழ்ந்ததன்று. ஒன்பதாம் நூற்றாண்டிலேயே அலீ இப்னு ரப்பன் அத்தபரீ தம் ஃபிர்தௌஸுல் ஹிக்மா என்னும் நூலின் இறுதிப் பகுதியை இந்திய மருத்துவத்திற்கென ஒதுக்கினார். சிக்கந்தர் லோதியின் அரசவையில் 1512இல் மியான் புவா தொகுத்த மஃதனுஷ் ஷிஃபா, வடமொழி மருத்துவ நூல்களின் சாரத்தைப் பாரசீகத்தில் தந்தது. கிரேக்க, பாரசீகப் பெயர் தாங்கிய சரக்குகள் பல இந்நாட்டு மக்களுக்கு அறிமுகம் இல்லாதவை, எளிதிற் கிடைக்காதவை என்பதே அம்முயற்சிக்கு அவர் கூறிய காரணம். நோயாளி வாழும் நிலத்திலேயே மருந்தைத் தேடு என்னும் இந்நோக்கமே வயற்களையான முண்டி போன்றவற்றுக்கு ஹகீமின் பெட்டியில் இடம் பெற்றுத் தந்தது.

கொடுத்தது மட்டுமன்று, கொண்டதும் உண்டு. நம் நாட்டு மருந்துக் கடைகளில் பல்வலிக்கும் நாக்குத் தடிப்புக்கும் தரப்படும் அக்கரகாரம் இதே சூரியகாந்திக் குடும்பத்தின் இன்னொரு செடியின் வேர். வட ஆப்பிரிக்காவின் மலைச்சாரல்களில் விளைவது. ஆகிர்கர்ஹா என்னும் அதன் அரபுப் பெயரே நம் நாவில் அக்கரகாரம் ஆயிற்று. இராமதேவர் என்னும் சித்தர் மக்காவுக்குச் சென்று யாகோபு ஆனார் எனச் சித்தர் மரபு கூறுகின்றது. அதனை வரலாறாகக் கொள்வோரும் கதையாகக் கொள்வோரும் உளர். எவ்வாறாயினும் இரு மருத்துவ மரபுகளுக்கிடையே சரக்குகளும் சொற்களும் போய்வந்த பாதை மெய்யானது.

இப்போக்குவரவில் ஒரு குழப்பமும் நேர்ந்தது. யூனானி நூல்கள் சில முண்டிக்கு அரபுப் பெயராகக் கமாதர்யூஸ் என்பதைத் தருகின்றன. இது கிரேக்கத்திலிருந்து அரபுக்கு வந்த சொல். கிரேக்கர் அப்பெயரால் குறித்தது மத்தியதரைக் கடல் நாடுகளில் வளரும் வேறொரு செடியை. அது துளசிக் குடும்பத்தைச் சார்ந்தது! தமிழகராதியில் கரந்தையின் பெயரைத் துளசிக் குடும்பத்துத் திருநீற்றுப்பச்சை பங்கிட்டுக்கொண்டது. யூனானி நூலில் துளசிக் குடும்பத்துச் செடியின் பெயரை முண்டி பெற்றுக்கொண்டது. மணமுள்ள சிறு செடி என்னும் ஒரே ஒப்புமை இரு மரபினரையும் மயங்கச் செய்தது போலும். செடியைக் காணாமல் நூலிலிருந்து நூலுக்குப் பெயரைப் படியெடுத்தால் நேர்வது இதுவே.

இவ்விடரை நம் முன்னோர் அறியாதவரல்லர். அல்-பிரூனி (973-1048) தம் முதுமையில் எழுதிய கிதாபுஸ் ஸைதனா என்னும் மருந்தியல் நூலில் ஒவ்வொரு சரக்குக்கும் அரபு, கிரேக்கம், சிரியாக், பாரசீகம், இந்திய மொழிகள் ஆகியவற்றில் வழங்கும் பெயர்களைத் திரட்டி வைத்தார். பெயர் மயங்கினால் மருந்து மாறும்; மருந்து மாறினால் உயிர்க்கே கேடு வரும். 1248இல் டமாஸ்கஸில் மறைந்த இப்னுல் பைத்தார் ஏறத்தாழ 1,400 சரக்குகளைப் பற்றி எழுதியவர். ஸ்பெயினிலிருந்து சிரியாவரை தாமே அலைந்து செடிகளைக் கண்டவர். அவர் காலத்தவரான ரஷீதுத்தீன் அஸ்-ஸூரி செய்தது இன்னும் அரியது. ஓவியர் ஒருவரை வண்ணங்களோடு உடன் அழைத்துக்கொண்டு லெபனான் மலைக்குச் சென்று, ஒரே செடியை முளைவிட்ட இளம் பருவத்திலும், முழுதும் வளர்ந்து விதை கொண்ட பருவத்திலும், காய்ந்த நிலையிலும் தனித்தனியே வரையச் செய்தார் என்று வரலாற்றாசிரியர் இப்னு அபீ உஸைபிஆ பதிவு செய்துள்ளார். பூக்குமுன் பறிக்கும் சித்த மருத்துவரும், பூவையே நாடும் ஹகீமும், உலர்ந்த சருகை மட்டுமே கண்டறிந்த கடைக்காரரும் ஒரே செடியைப் பற்றித்தான் பேசுகின்றனர் என்று உறுதிசெய்ய இம்முறையினும் சிறந்தது இல்லை. கரந்தைக்கு இத்தகைய முப்பருவப் படம் நம் பாடநூல் எதிலும் இருப்பதாகத் தெரியவில்லை.

தமிழகத்துச் சமவெளித் தாவரங்களைப் பொறுத்தவரை, திருச்சி புனித வளனார் கல்லூரியில் 1967இல் இராபினட் உலர்தாவரக் காப்பகத்தை நிறுவிய அருட்தந்தை கே.எம். மாத்யூவின் பெருந்தொகுதிகள் அப்பணியின் ஒரு பகுதியை நிறைவேற்றின. பாளையங்கோட்டையில் 1964இல் தொடங்கப்பட்ட அரசு சித்த மருத்துவக் கல்லூரி சங்கரன்கோவில் வட்டாரத்திற்கு அணித்தே உள்ளது. சென்னை அரும்பாக்கத்தில் அரசு யூனானி மருத்துவக் கல்லூரி இயங்குகின்றது. இலக்கிய மாணவரும், சித்த மாணவரும், யூனானி மாணவரும் ஒரே செடியை மூன்று பெயரால் தனித்தனியே பயில்கின்றனர். அவர்களுள் ஒருவர் மற்றவர் நூலைப் புரட்டியிருந்தால் திருநீற்றுப்பச்சைக் குழப்பம் இத்துணைக் காலம் நீடித்திராது.

இன்றைய வேதியியல் கரந்தையில் மணமுள்ள எண்ணெயையும், செஸ்குவிடெர்பீன் லாக்டோன் எனும் வகையைச் சார்ந்த கசப்புப் பொருள்களையும் கண்டுள்ளது. நுண்ணுயிர்களை ஒடுக்கும் ஆற்றலும், வீக்கத்தைத் தணிக்கும் ஆற்றலும் ஆய்வுக்கூட அளவில் அவற்றுக்குக் காட்டப்பட்டுள்ளன. ஆய்வுக்கூடத்தில் காட்டப்பட்டதை நோயாளியிடம் நிறுவப்பட்டதாகக் கொள்ளுதல் தகாது. மேலும் இவ்வகைப் பொருள்கள் சிலருடைய தோலில் ஒவ்வாமை தருவனவும் ஆகும். பத்திரிகைக் குறிப்பை நம்பித் தாமே பறித்து உண்ணுதல் வேண்டா. தேர்ந்த மருத்துவரை அணுகுதலே முறை.

கரந்தை அழிவின் விளிம்பில் நிற்கும் இனமன்று. அவ்வாறு கூறினால் அது மிகைப்படுத்தலாகும். ஆயினும் அது வாழும் இடம் சுருங்கிவருவது கண்கூடு. வற்றிய குளத்துப் படுகைகளைச் சீமைக்கருவேலம் மூடிக்கொண்டது. அதன் அடர்ந்த நிழலில் சிறு பூண்டுகள் தழைப்பது அரிது. தரிசுகளிலும் சாலையோரங்களிலும் பார்த்தீனியம் பரவி நிற்கின்றது. 1955இல் புனேயில் முதன்முதலாகக் கவனிக்கப்பட்ட இந்த அமெரிக்கக் களையும் கரந்தையின் குடும்பத்ததே என்பது ஒரு முரண். வயலிலோ, கைக்களை எடுத்த காலம் போய்க் களைக்கொல்லி தெளிக்கும் காலம் வந்துவிட்டது. கைக்களை எடுத்த பெண்கள் வரப்போரத்துக் கரந்தையை விட்டுவைத்தனர். வேண்டும்போது மருந்துக்கென எடுத்தும் சென்றனர். தெளிப்பான் அவ்வாறு பிரித்தறிவதில்லை. பூக்குமுன் பறிக்க வேண்டும் என்னும் விதியும், வாங்குவோர் பெருகுமிடத்து, விதை உதிர இடம் தராது. முற்காலத்து வைத்தியர் தமக்கு வேண்டிய ஒரு பிடியைப் பறித்துச் சென்றார். மூட்டை மூட்டையாகத் திரட்டும் வணிகத்திற்கு அவ்விதி வகுக்கப்படவில்லை. வயலில் விட்டுவைப்பதோடு, தனிப்பாத்தியில் பயிரிட்டுப் பறிப்பதே இதற்குத் தக்க வழியாக நமக்குத் தோன்றுகின்றது.

காண விழைவோர் தை முதல் பங்குனி வரையிலான நாள்களில், நீர் வற்றிய குளத்தின் உட்கரையிலோ நெல் அறுத்த வயலிலோ தேடலாம். மாணவரை அழைத்துச் செல்லும் தமிழாசிரியர் புறநானூற்றின் 261ஆம் பாடலையும் உடன் கொண்டு செல்லட்டும். ஊதாநிற உருண்டை கண்ணிற் பட்டதும் உடனே முடிவுசெய்துவிடாமல், தண்டை விரலால் தடவிப் பார்க்க வேண்டும். திருநீற்றுப்பச்சையின் தண்டு துளசியினது போல நாற்கோணமாக இருக்கும். கரந்தையின் தண்டிலோ பல்வரிசை கொண்ட பச்சைச் சிறகு இலையடியிலிருந்து கீழ்நோக்கி ஓடும்.